பஸ்கோலின் பெயரில் வைத்த தட்டு

இஸ்பெரான்ஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கிணற்றடியில், ஃபிலுவின் வாயிலிருந்து. மாண்டோவி ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருஷம் அது. மழை விட்டிருந்தது. நான் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மானா, சேதி தெரியுமா? நம்ம பஸ்கோல் கல்யாணம் கட்டப் போறான். குவைத்துல எவன் வீட்டுலயோ பாத்திரம் தேய்க்கிறவளாம். இஸ்பெரான்ஸாம் பேரு. பேரைப் பாரு, பெரிய பங்களாவுல பொறந்தவ மாதிரி."

"கப்பல்ல உருளைக்கிழங்கு உரிக்கிறவனுக்கு வேற யாரு வருவா, கவர்னர் மகளா?" என்றேன்.

நான் விளையாட்டாகச் சொன்னேன். ஃபிலு விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பெயரை அவள் அன்றைக்குத் துப்பிய மாதிரிதான் கடைசிவரை துப்பினாள்.

முறை சொல்லிவிடுகிறேன். பஸ்கோலின் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். பஸ்கோல் வீட்டில் நாலு ஆண்பிள்ளைகள். மூத்தவன் ஜூக்கின், அவன் பெண்டாட்டிதான் ஃபிலு. நடுவில் இரண்டு பேர், ஒருவன் அம்மையில் போனான், ஒருவன் பம்பாயில் போனான். கடைசி பஸ்கோல். நான் எல்லோருக்கும் மூத்தவள், அதனால் எங்கள் குடியிருப்பான வாடோ முழுக்க எனக்கு மானா, அதாவது அக்கா, என்றுதான் பெயர். பெரிய வீட்டை அப்பன் இருக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். மேற்குப் பாதி ஜூக்கினுக்கு, கிழக்குப் பாதி பஸ்கோலுக்கு. நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சமையலறை, அந்தப் பக்கம் ஒரு சமையலறை. இந்தக் கதை முழுக்க அந்தக் கதவில்தான் இருக்கிறது.

இஸ்பெரான்ஸ் பதினெட்டு வயதில் குவைத் போனவள். பெய்ரூத்துக்காரர் ஒருவர் வீட்டில் வேலை. அந்த வீட்டுக் கிழவி இவளைப் பக்கத்தில் நிறுத்திச் சமையல் கற்றுக்கொடுத்தாள். எகிப்துக்கார டிரைவரின் பெண்டாட்டி ஒன்று கற்றுக்கொடுத்தாள், எதிர்வீட்டு ஈரான்காரி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் கையில்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் இவள் குவைத், அவன் கப்பல். வருஷத்தில் ஒரு மாதம் சேர்ந்திருந்தால் பெரிது. அப்புறம் குவைத்தில் சண்டை வந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர்களில் இவளும் ஒருத்தி. மற்றவர்கள் நகையை உடம்பில் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். இவள் கையில் ஒரு துணிப்பை, அதில் புளிப்பாக ஒரு சிவப்புப் பொடி, ஒரு கல் உரலின் குழவி. உரலைத் தூக்க முடியவில்லையாம்.

"குழவியை மட்டும் வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"உரலு இங்க கெடைக்கும் மானா. இந்தக் குழவி கெடைக்காது."

நாலு வருஷம் கழித்து பஸ்கோலும் கப்பலை விட்டு வந்தான். உருளைக்கிழங்கு உரிக்கப் போனவன் இத்தாலிக்காரர்களின் பயணிக் கப்பலில் மூன்றாவது சமையல்காரனாக ஆகியிருந்தான். அதற்குப் பிறகு பதினாலு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், மாதா கோயில் பூசை முடிந்ததும் அந்தக் கிழக்குச் சமையலறையில் ஒரு தேசம் வெந்தது.

ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு அவள் நாடு, ஒரு ஞாயிறு அவன் நாடு. யாருடைய நாடோ அவர்தான் அன்றைக்கு எஜமான். மற்றவர் வெங்காயம் உரிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இரண்டு பேருக்கும் வாய் மூடாது. கிணற்றடிவரை கேட்கும்.

"இது என்ன, நானூறு பேருக்கா மாவு பெசையிற? வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். இது கப்பல் இல்ல."

"கையால அளக்கிறவளுக்கு என்ன தெரியும்? தராசுல வை."

"தராசுல உன் மூளையை வை. முள்ளு அசையுதான்னு பாப்போம்."

"இன்னிக்கு யாரு நாடு?"

"உன் நாடு."

"அப்ப வெங்காயத்தை உரி."

பஸ்கோலுக்குக் கொஞ்சமாகச் சமைக்க வரவே வராது. நானூறு பேருக்குச் சமைத்த கை. ஃபென்னிச் சாராய பாட்டிலால் மாவை உருட்டி நூல் நூலாக வெட்டி, சமையலறையிலிருந்து முற்றம்வரை கயிறு கட்டிக் காயப் போடுவான். ஜெனோவாவில் ஒரு பச்சை இலையை இடித்து அதில் பிசைவார்களாம்; இங்கே அவன் திருநீற்றுப்பச்சிலையை வேலியோரம் வளர்த்து, நம் முந்திரிப் பருப்போடு இடித்தான். அவளுடைய ஞாயிற்றில் கோதுமை நொய்யும் இறைச்சியும் அந்தக் குழவியில் பசையாகும்வரை இடிபடும். எண்ணெய் டின்களில் கொத்தமல்லி போலவே இருக்கும் ஒரு கீரை, ஆனால் கொத்தமல்லி இல்லை. எந்த நாடோ அந்த நாட்டுக்காரன் எப்படிச் சாப்பிடுவானோ அப்படித்தான் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள நம் மீன் குழம்பு கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள்.

பஸ்கோலுக்கு இறால் ஆகாது. கப்பலில் முப்பது வயதுக்கு மேல் வந்த கோளாறு. ஒரு துண்டு உள்ளே போனால் தொண்டை வீங்கிவிடும். ஒருமுறை சாந்தோஸ் துறைமுகத்தில் உயிர் போய் வந்தது. சமைப்பான், வாயில் வைக்க மாட்டான். வீட்டில் இறால் வெந்தால் அவள்தான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

"உப்பு?"

"இன்னும் ஒரு சிட்டிகை."

"பொய் சொல்றியா?"

"சொல்லித்தான் பாக்கணும் ஒரு நாளைக்கு."

இது வாடோவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஃபிலுவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு அக்கறை இல்லை. திருநாளுக்கு மேற்குப் பாதியில் இறால் குழம்பு வைப்பாள். பஸ்கோல் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டு எழுந்துவிடுவான். "கப்பல்காரனுக்கு நம்ம வீட்டுக் கொழம்பு எறங்குமா?" என்று அவள் போகிற இடமெல்லாம் சொன்னாள். அவன் நூறு முறை சொன்னான், ஆகாது என்று. அதைத் திமிர் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது கேளுங்கள். இரண்டு பேரையும் பைத்தியங்கள் என்று கோயில் வாசலில் சொல்லிச் சிரித்தவள், ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டரை மணிக்கு மகள் மெல்பாவிடம் மூடி போட்ட பாத்திரம் ஒன்றைக் கொடுத்து நடுக்கதவு வழியாக அனுப்புவாள். பதினாலு வருஷத்தில் அந்தப் பாத்திரம் காலியாகத் திரும்பியதில்லை. மெல்பாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அன்றைக்கு பஸ்கோலும் இஸ்பெரான்ஸும் விடிந்ததிலிருந்து நின்றார்கள், இருபது பேருக்கு. ஃபிலு கதவில் நின்று தட்டுகளை வாங்கி வாங்கி உள்ளே கொண்டுபோனாள். மாப்பிள்ளையின் அம்மா, யார் சமைத்தது என்று கேட்டாள். "எங்க வீட்டுச் சமையல்தான்" என்றாள் ஃபிலு. சமைத்தவர்களை முன்னறைக்குக் கூப்பிடவில்லை. கையில் மாவோடு இரண்டு பேரும் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொதித்தது. பஸ்கோல் சிரித்தான். "தட்டு காலியா வந்துச்சா? அது போதும் மானா." இஸ்பெரான்ஸ் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே பஸ்கோல் போய்விட்டான். ஞாயிறு காலை. அன்றைக்கு அவள் நாடு. பருப்புச் சோறு. பெய்ரூத்துப் பக்கத்து ஏழைகள் சாப்பாடு அது. அரிசியும் மைசூர்ப் பருப்பு போன்ற ஒரு தவிட்டு நிறப் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே கூடை நிறைய வெங்காயத்தைக் கருக்கக் கருக்க வறுத்துப் போட வேண்டும். வேறொன்றும் கிடையாது. உலகமெல்லாம் சுற்றிச் சமைத்தவனுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும். வெங்காயக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி உரித்திருந்தான். அவள் பருப்பு அரித்துவிட்டுத் திரும்புகிறாள், கத்தி கீழே கிடக்கிறது. நெஞ்சு நின்றுவிட்டது.

அந்தச் சோறு அன்றைக்கு வேகவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அவள் அதைச் சமைக்கவில்லை.

துக்கத்துக்காகக் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. "சாகுறதுக்கு இவனுக்கு இந்த வருஷம்தானா கெடைச்சுது" என்று ஃபிலு என்னிடமே சொன்னாள். வருஷம் முடிந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பிச்சைக்காரர் விருந்து வைக்க வேண்டும். எங்கள் சனத்தில் அதில்லாமல் கல்யாணம் கிடையாது. வீட்டில் செத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை ஏழைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பெயர் சொல்லி உட்கார வைப்போம். நீ இன்றைக்கு என் மாமனார், நீ என் நாத்தனார் என்று. அந்த வேளைக்கு அவர்கள்தான் செத்தவர்கள். அவர்கள் வயிறு நிறைந்தால் செத்தவர்கள் நிறைந்த மாதிரி. சாப்பாடு பழைய சாப்பாடு: இறால் கருவாட்டுக் குழம்பு, பூசணி, கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் போட்ட இனிப்பு. அதோடு அவரவருக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று தட்டில் வைக்கலாம். மாமனாருக்கு ஃபென்னி வைப்பார்கள், மாமியாருக்கு மூக்குப்பொடி.

ஒரு வாரம் முன்னால் இஸ்பெரான்ஸ் நடுக்கதவில் வந்து நின்றாள். நான் ஃபிலு பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, பஸ்கோல் தட்டுக்கு நான் ஒண்ணு சமைச்சுத் தரேன். இறால் மட்டும் அவருக்கு வைக்காதீங்க."

"என்ன சமைப்ப?"

"பருப்புச் சோறு. அன்னிக்கு வேக வேண்டியது."

"அரபிக்காரன் சோறா? செத்தவங்க பந்தியிலயா? எங்க மாமியார் எந்திரிச்சு ஓடிடுவா."

"அரிசி, பருப்பு, வெங்காயம். அதுல அரபிக்காரன் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"எல்லாருக்கும் என்னவோ அதுதான் அவனுக்கும்."

"அவருக்கு இறால் ஆகாதுன்னு தெரியும்ல?"

ஃபிலு சிரித்தாள். "செத்தவனுக்குத் தொண்டை வீங்குமா?"

துருவல் என் கையில் நின்றுவிட்டது. ஜூக்கின் அங்கேதான் நாற்காலியில் இருந்தான். கூடப் பிறந்தவன். செய்தித்தாளைத் திருப்பிப் போட்டான், அவ்வளவுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இஸ்பெரான்ஸ் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

விருந்தன்று காலையில் வாடோ முழுக்க வெங்காயம் கருகும் வாசனை. கூடை வெங்காயத்தையும் அவளே தனியாக உரித்திருக்கிறாள். கண் இரண்டும் இரத்தமாக இருந்தது.

ஏழு பேர் வந்தார்கள். மடகாவ் கோயில் வாசலில் உட்கார்கிறவர்கள் ஆறு பேர், எங்கள் வாடோ ஆள் இனாஸ். இனாஸ் கள் இறக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கோல் சமையலறையின் பின்வாசலில் உட்கார்ந்து அவன் சாப்பிடாத நாடு கிடையாது. ஃபிலு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உட்கார வைத்தாள். இனாஸிடம் வந்து, "நீ பஸ்கோல்" என்றாள்.

"சரி" என்று உட்கார்ந்தான்.

பரிமாறினார்கள். இனாஸ் தட்டில் இறால் குழம்பு, ஒரு கரண்டி அல்ல, இரண்டு கரண்டி. ஃபிலு வேண்டுமென்றே ஊற்றினாள், நான் பார்த்தேன். இஸ்பெரான்ஸ் நடுக்கதவில் நின்றிருந்தாள், கையில் மூடி போட்ட பாத்திரம். அதே பாத்திரம்தான், ஞாயிறுதோறும் வந்துபோனது.

எங்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. பரிமாறியதும் வீட்டுக்காரி ஒவ்வொருவரிடமும் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் சோறு, ஒரு பீடி. ஃபிலு வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பஸ்கோலுக்கு என்ன வேணும்?"

இனாஸ் தட்டைத் தொடவில்லை. "பருப்புச் சோறு. கருக்குன வெங்காயம் போட்டது."

"அது இல்ல. இதைச் சாப்பிடு."

"இறால் எனக்கு ஆகாது அண்ணி."

"ஏய் இனாஸ், உனக்கு எப்ப இருந்துடா ஆகாமப் போச்சு?"

"இனாஸுக்கு ஆகும். நீங்கதான பஸ்கோல்னு உட்கார வச்சீங்க? பஸ்கோலுக்கு ஆகாது."

பந்தியில் ஒரு கிழவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் அன்றைக்கு ஃபிலுவின் மாமியாராக உட்கார்ந்திருந்தவள்.

"வழக்கம் தெரியும்ல? கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது" என்றான் இனாஸ்.

"இங்க இல்லேங்கிறேன்ல!"

"இருக்கு" என்றாள் இஸ்பெரான்ஸ்.

ஃபிலு ஓடிப்போய்க் கதவில் கையை விரித்து நின்றாள். "அந்தச் சனியன் சோறு என் பந்திக்கு வரக் கூடாது. என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்க வந்தியா? பெத்துக்க வக்கில்லாதவளுக்கு அடுத்தவ பிள்ளை மேல பொறாமை!"

அத்தனை வருஷத்தில் இஸ்பெரான்ஸ் ஃபிலுவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பதினாலு வருஷம் இந்தக் கதவு வழியா வாங்கித் தின்னீங்களே, அப்ப எங்க போச்சு சனியன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விரலை நக்குனாங்களே, அது யார் கைச் சோறு? எங்க வீட்டுச் சமையல்னு பல்லைக் காட்டுனியே! அந்த மனுஷன் என்ன தின்னுவான், என்ன தின்னா செத்துப்போவான்னு உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டாம், நீ வெளியில இருந்து வந்தவ. நீ?" என்று ஜூக்கின் பக்கம் திரும்பினாள். "ஒரே வயித்துல பொறந்தவன்தான நீ?"

ஃபிலுவின் கையைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். இனாஸ் முன்னால் இருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். கொண்டுபோய் ஜூக்கின் மடியில் வைத்தாள். குழம்பு அவன் புதுக் காற்சட்டையில் வழிந்தது.

"இதை நீ தின்னு. உனக்கு ஆகும்."

மெல்பா சுவரோரம் நின்றாள், அந்தச் சோற்றில் வளர்ந்த பிள்ளை, தலையைத் தூக்கவில்லை.

"எந்திரி பஸ்கோல்" என்றாள் இஸ்பெரான்ஸ். "வீட்டுக்குப் போவோம்."

நடுக்கதவு வழியாகப் போக ஃபிலு விடவில்லை. மறுபடியும் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள். இனாஸ் கம்பை ஊன்றி எழுந்தான். முன்வாசல் வழியாக இறங்கி, கிணற்றைச் சுற்றி, மாட்டுக்கொட்டில் பக்கமாகக் கிழக்குப் பின்வாசலுக்குப் போனான். ஒடிந்த இடுப்போடு அவன் நடக்க அரை மணி ஆனது போல இருந்தது. பின்னால் அவள் பாத்திரத்தோடு. அப்போதுதான் எனக்கும் கால் வந்தது. அவர்கள் பின்னால் போனேன். "மானா, நீயுமா?" என்று ஃபிலு கத்தினாள். "நானும்தான்" என்றேன். ஒரு வாரம் தாமதமாகச் சொன்னேன்.

இஸ்பெரான்ஸ் அவனை பஸ்கோலின் நாற்காலியில் உட்கார வைத்தாள். தட்டில் சோற்றைக் குவித்து, மேலே வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். பஸ்கோல் வைக்கிற மாதிரி, நானூறு பேர் அளவில். பக்கத்தில் தயிர். இனாஸ் சாப்பிட ஆரம்பித்தான். அவள் எதிரே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு?" என்று கேட்டாள்.

இனாஸ் மென்றுகொண்டே யோசித்தான். "சரியா இருக்கு."

"பொய் சொல்றியா?"

"இல்ல."

மூன்று தட்டு சாப்பிட்டான். மிச்சம் வைக்கவில்லை. அவன் கை கழுவின பிறகுதான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மேற்குப் பாதியில் அன்றைக்கு ஆறு பேர்தான் சாப்பிட்டார்கள். ஒரு செத்தவன் குறைந்த விருந்து என்று ஃபிலு பயந்து செத்தாள், பாதிரியாரைக் கூப்பிட்டு வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். கல்யாணம் நடந்தது. மெல்பா நன்றாகத்தான் இருக்கிறாள். இஸ்பெரான்ஸைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, என்னையும்தான். கல்யாணம் முடிந்த வாரமே ஜூக்கின் கொத்தனாரைக் கூட்டிவந்து நடுக்கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தான். அந்தச் சுவரை இன்னும் முழுதாகப் பூசவில்லை. ஃபிலு பக்கம் பூசியிருக்கிறார்கள். இவள் பக்கம் செங்கல் அப்படியே பல்லைக் காட்டுகிறது. பூசட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாம் மானா. பாத்துக்கிட்டே சமைக்கணும்."

அந்தப் பாத்திரத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஃபிலு ஆளனுப்பிக் கேட்டாள். "அது நெறஞ்சேதான் போகும். காலியா அனுப்பிப் பழக்கமில்ல. நெறச்சு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லியனுப்பினாள்.

இனாஸ் நாலு வருஷத்துக்கு முன்னால் காலமானான். ஜூக்கினுக்கு நினைவு தப்பிவிட்டது. ஃபிலு என்னைப் பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறாள், போகட்டும்.

இஸ்பெரான்ஸ் அந்த வீட்டின் கிழக்குப் பாதியில்தான் இருக்கிறாள். எழுபத்து நாலு வயது. முட்டி வலியால் நாற்காலியில் உட்கார்ந்து சமைக்கிறாள். ஒரு ஞாயிறு அவன் நாடு, ஒரு ஞாயிறு அவள் நாடு. வெங்காயம் நான் உரிக்கிறேன்.